பங்கு யார் பெயரில் இருக்கிறது, தோழர்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைபேசியும் தொலைத்தொடர்புக் கருவிகளும் செய்யும் சீன நிறுவனத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஹுவாவே, தொழிலாளர்களே முதலாளிகளாக இருக்கும் நிறுவனம்" என்றார் தோழர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: அந்தப் பங்கு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? "நீங்க எப்பலேருந்து அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பிச்சீங்க?" என்று பதில் வந்தது, ஹுவாவேயை எதிர்ப்பது அமெரிக்கா என்பதால். உடனே ஒரு சிரிப்பு. அன்று பேச விடவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

1987இல் ஷென்ஜெனில் ரென் ஜெங்ஃபெய் சிலரோடு சேர்ந்து 21,000 யுவான் முதலில் தொடங்கிய நிறுவனம் அது. இன்று அதன் தாய் நிறுவனத்துக்குப் பதிவேட்டில் இரண்டே பங்குதாரர்கள்தான். ஒருவர் ரென், அவர் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி முழுக்க நிறுவனத்தின் தொழிற்சங்கக் குழுவின் பெயரில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் இருப்பது 'மெய்நிகர் பங்கு'. லாபத்தில் பங்கு வரும், மதிப்பு கூடினால் அதுவும் வரும். ஆனால் வெளியே யாருக்கும் விற்க முடியாது. ஓய்வு பெறுகிறவர்கள் வைத்துக்கொள்ள வழி உண்டு. நடுவில் வேலையை விட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதற்குப் பெயர் உடைமையா? விற்க முடியாததை, வெளியே போகும்போது கூடக் கொண்டுபோக முடியாததை, 'என்னுடையது' என்று எப்படிச் சொல்வது?

நானாகக் கிளப்பும் சந்தேகம் இல்லை இது. பழைய ஊழியர்கள் இரண்டு பேர் 2003 வாக்கில் இதே கேள்வியோடு நீதிமன்றம் போனார்கள். நிறுவனத்தின் மதிப்பு எத்தனையோ மடங்கு ஏறியிருந்தும், தங்கள் பங்கைப் போட்ட விலைக்கே திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வழக்கு. தோற்றுப்போனார்கள். 2019இல் உலகமே "யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டபோது, நிறுவனம் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப்போய் ஊழியர் பெயர்களும் பங்குக் கணக்கும் உள்ள தடித்த ஏடுகளைக் காட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அந்த ஏடு பொய் என்று நான் சொல்லவில்லை. அதில் பெயர் இருப்பதால் என்ன உரிமை கிடைக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்றால், நானும் ஒரு காலத்தில் 'பங்குதாரர்'. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. ஒன்பது வருடம் உழைத்தேன். வருடா வருடம் ஒரு கடிதம் வரும், "நீங்களும் இந்த நிறுவனத்தின் உரிமையாளர்" என்று. பத்திரமாகக் கோப்பில் சேர்த்துவைத்தேன். கடைசி நாள் ஒரு சின்னப் பெண் தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினாள். "இதோட உங்க பங்கு முடிஞ்சுது சார்." அவள்மேல் தப்பில்லை. வாசிக்கக்கூட நேரம் தரவில்லை. ஒன்பது வருடம் உரிமையாளர் என்று நம்பியவன், ஒரு கையெழுத்தில் யாருமில்லை ஆனேன்.

சரி, "எரிக்சன் மட்டும் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஹுவாவேக்குப் போட்டியான அந்த ஸ்வீடன் நிறுவனத்தில் ஏ பங்குக்கு ஒரு ஓட்டு, பி பங்குக்குப் பத்தில் ஒரு பங்கு ஓட்டு. 2004 வரை அது ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது! வாலன்பெரி என்ற பணக்காரக் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம் மூலதனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் ஓட்டில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வைத்திருக்கிறது. அநியாயம்தான். ஆனால் பி பங்கு வைத்திருப்பவர் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே விற்றுவிட்டுப் போகலாம். "ஹுவாவே பங்குச் சந்தைக்குப் போகாததால்தான் ஆராய்ச்சிக்கு அவ்வளவு செலவழிக்க முடிகிறது" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், என் கேள்வி அதைப் பற்றியது அல்ல.

"ஊழியர்கள் தேர்தல் நடத்துகிறார்களே" என்பார்கள். நடக்கிறது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுழற்சித் தலைவர் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூவரிடையே சுற்றுகிறது, அதில் ஒருவர் ரென்னின் மகள் மெங் வான்ஜோ. இத்தனைக்கும் மேலே, ஒரு சதவீதம்கூட இல்லாத ரென்னிடம் வீட்டோ இருக்கிறது. முக்கியமான விஷயத்தில் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்புறம் முதலாளி யார்?

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற இடம் 'சங்கம்' என்ற சொல். சங்கம் பெயரளவுக்கான ஏற்பாடுதான், தொழில் முடிவுகளில் அதற்குப் பங்கில்லை என்று நிறுவனமே 2019இல் விளக்கம் கொடுத்தது. சீனச் சட்டப்படி ஒரு சங்கம் கலைந்தால் அதன் சொத்தை என்ன செய்வது என்று மேல்நிலைச் சங்கம் முடிவு செய்யும், உறுப்பினர்கள் அல்ல. தோழர், நாம் இரண்டு பேரும் வாசலில் நின்று சந்தா வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்தவர்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் உறுப்பினர் நம்மை நிறுத்திக் கணக்குக் கேட்பார், நாம் சொல்லியாக வேண்டும். அதைத்தானே சங்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? கணக்குக் கேட்டவனைப் பார்த்து நீங்களே சிரித்தால் நான் எங்கே போவது?

நேற்று இரவு நீங்கள் கூப்பிட்டீர்கள், எடுக்க மனசு வரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகல் இன்னும் கோப்பில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு எடுத்துவருகிறேன், வாசித்துப் பாருங்கள்.