விளக்குப் போட்டே பிடித்த பாறையா?

ஒவ்வொரு தீபாவளிக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து மச்சான் வருவார். இரண்டாவது தட்டு சோறு விழுந்ததும் ஆரம்பித்துவிடுவார்: "விளக்குப் போட்டே எங்க பாறையை வளைச்சுக்கிட்டீங்களே!" பெட்ரா பிராங்கா என்ற பாறையில் கலங்கரை விளக்கம் கட்டியே சிங்கப்பூர் அதைப் பிடித்துக்கொண்டது என்பது அவர் பேச்சு. சிங்கப்பூரில் என் நண்பர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். என்ன, அவர் குறையாகச் சொல்வதை இவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

போர்த்துகீசிய மொழியில் பெட்ரா பிராங்கா என்றாலும் மலாயில் பத்து புத்தே என்றாலும் வெள்ளைப் பாறை என்றே பொருள். வெள்ளையடித்தவை கடற்பறவைகள், எச்சத்தால். சுமார் 137 மீட்டர் நீளம், சராசரி 60 மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஆனால் இருக்கிற இடம் அப்படி! தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் வாசலில் குந்தியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல்; ஜொகூர் கரையிலிருந்து எட்டுகூட இல்லை. மச்சானின் கோபத்துக்கு இந்தக் கணக்கே காரணம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடல் வரைபட வல்லுநராக இருந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836இல் இறந்தார். அவர் காட்டிய வழியில் கப்பல் விட்டுப் பிழைத்த வணிகர்கள் அவர் நினைவாகக் கலங்கரை விளக்கம் கட்டப் பணம் திரட்டினார்கள். வேலை ஜான் டர்ன்புல் தாம்சன் தலையில் விழுந்தது. அவர் சிங்கப்பூரின் அரசு நில அளவையாளர். வயது முப்பதைத் தொடவில்லை.

அவர் செய்த முதல் காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1848இல் பாறைமேல் செங்கல் தூண்களை நிறுத்தி, அலை என்ன செய்கிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டார். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முகம் கொடுத்த பக்கத்துத் தூண்கள் போயே போய்விட்டன. சரி, கருங்கல்தான் என்று முடிவாயிற்று. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் சீனக் கல்தச்சர்கள் கல்லை உடைத்துச் செதுக்க, அது படகேறிப் பாறைக்கு வந்தது. பருவக்காற்று மாதங்களில் அங்கே வேலை நடக்காது. மற்ற மாதங்களிலும் அலை விட்டால்தான் படகிலிருந்து கல் இறங்கும். அப்படியும் 1850 மே 24 அன்று அடிக்கல் வைத்து, 1851 அக்டோபர் 15இல் விளக்கேற்றிவிட்டார்கள். பதினேழு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் புளோக்கில் மின்தூக்கி மாற்றவே அதற்குமேல் ஆயிற்று. தாம்சனின் உடம்பு கெட்டு, இரண்டு வருடத்தில் ஊரை விட்டே போனார். கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு கோபுரம் இன்றும் நிற்கிறது.

இனி மச்சானின் வழக்கு. 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் 12க்கு 4 என்று பாறையைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. பக்கத்திலிருக்கும் மிடில் ராக்ஸ் என்ற பாறைகள் மலேசியாவுக்குப் போயின. ஆதியில் பாறை ஜொகூர் சுல்தானுடையது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்புறம் எப்படிக் கை மாறியது? 1953இல் சிங்கப்பூர் அரசு, இந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர், நாங்கள் உரிமை கோரவில்லை என்று பதில் எழுதினார். அதோடு, பக்கத்தில் கப்பல் விபத்து நடந்தால் விசாரித்தது சிங்கப்பூர், பாறைக்கு யார் போகலாம் என்று தீர்மானித்ததும் சிங்கப்பூர். பல பத்தாண்டுகள் அந்தப் பக்கத்திலிருந்து ஆட்சேபம் இல்லை. தீர்ப்பு நின்றது இந்தக் காகிதங்களின் மேல்.

விளக்கு எரித்தாலே மண் சொந்தமாகிவிடும் என்றால் புலாவ் பிசாங்கை என்ன சொல்வது? அதுவும் ஜொகூருக்குப் பக்கத்துத் தீவுதான். அங்கேயும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்வது சிங்கப்பூர்தான். விளக்கை நடத்த மட்டும் 1900இல் சுல்தானோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டாயிற்று, அதனால் தீவு மலேசியாவுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

போன தீபாவளிக்கு இதைச் சொன்னேன். மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கடுதாசி எழுதின ஆளைத்தான் தேடணும்" என்றார். ரசம் ஊற்றினேன்.