சூடானில் நடப்பது பங்காளிச் சண்டை

2023 ஏப்ரல் கடைசியில் சூடான் பெயர் நம் செய்தித்தாள்களில் ஒரு பத்து நாள் அடிபட்டது, ஞாபகம் இருக்கிறதா? அங்கே மாட்டிக்கொண்ட இந்தியர்களை 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து போர்ட் சூடானிலிருந்து ஜெட்டா வழியாகக் கூட்டிவந்தார்கள். நம் ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். எல்லாரும் வந்து சேர்ந்ததும் செய்தி நின்றுவிட்டது, போர் நிற்கவில்லை.

போன வாரம் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது, நன்றாகப் படித்த நண்பர் ஒருவர், "அவனுங்க எப்பவுமே அடிச்சிக்கிட்டுத்தான் இருப்பானுங்க, எல்லாம் இனக்குழுச் சண்டை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வடையைப் பிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ராணுவ ஆட்சியை மக்களே தெருவில் இறங்கி மூன்று முறை விரட்டிய நாடு சூடான். 1964 அக்டோபரில் அப்பூத், 1985 ஏப்ரலில் நிமெய்ரி, 2019 ஏப்ரலில் ஒமர் அல் பஷீர். கடைசியாக நடந்தது 2018 டிசம்பரில் தொடங்கியது. ஒரு பவுண்டுக்கு விற்ற ரொட்டி மூன்று பவுண்டு ஆனதும், அத்பரா என்ற ரயில்வே ஊரில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் டாக்டர், வாத்தியார், வக்கீல், பெண்கள் என்று எல்லாரும் சேர்ந்து தலைநகர் கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 30 வருஷம் ஆண்ட பஷீர் ஏப்ரல் 11 அன்று வீழ்ந்தார். இவர்களைத்தான் 'எப்பவுமே அடிச்சிக்கிறவனுங்க' என்கிறோம்.

அப்படியென்றால் எங்கே கோளாறு? மூன்று முறையும் ஆள்தான் போனார், ராணுவம் அப்படியே இருந்தது. 2019 ஜூன் 3 அன்று, ரமலான் முடியும் நேரத்தில், உட்கார்ந்திருந்தவர்கள் மேல் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், நைல் நதியிலிருந்து பிணங்கள் எடுக்கப்பட்டன. பிறகு பேருக்கு ராணுவமும் மக்கள் தரப்பும் சேர்ந்த ஒரு ஆட்சி, ஹம்தோக் என்ற பொருளாதார நிபுணர் பிரதமர். 2021 அக்டோபர் 25 அன்று அதையும் கவிழ்த்தார்கள். கவிழ்த்தது இரண்டு பேர்: ராணுவத் தளபதி புர்ஹான், துணைப்படைத் தலைவர் ஹெமெத்தி. இன்றைக்கு ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்ளும் இந்த இருவரும் அன்றைக்குத் தோளோடு தோள் நின்றவர்கள். ஒருவர் தலைவர், இன்னொருவர் துணைத் தலைவர்.

ஹெமெத்தி யார்? டார்ஃபூர் பக்கம் ஒட்டக வியாபாரம் பண்ணியவர். அந்த மேற்குப் பகுதி 1916 வரை தனி சுல்தான்களின் நாடாக இருந்தது, பிரிட்டிஷ்காரர்கள் பிடித்துச் சூடானோடு ஒட்டினார்கள். 1956 ஜனவரி 1 சுதந்திரத்துக்குப் பிறகும் படிப்பு, பதவி, பணம் எல்லாம் நைல் கரை வடக்குக்காரர்களுக்குத்தான். தெற்கில் கலகம் சுதந்திரத்துக்கு முன்பே 1955ல் தொடங்கிவிட்டது. இடையில் ஒரு பத்து வருஷ அமைதி தவிர 2005 வரை போர், கடைசியில் 2011ல் தெற்கு சூடான் தனி நாடாகப் போயே போய்விட்டது, எண்ணெய்க் கிணறுகளில் முக்கால்வாசியையும் கொண்டுபோய்விட்டது. (அங்கேயும் 2013லேயே உள்நாட்டுப் போர் வந்தது, அது தனிக் கதை.)

2003ல் டார்ஃபூரில் கிளர்ச்சி வந்தபோது கார்ட்டூம் ஒரு மலிவான வழியைக் கண்டுபிடித்தது. சம்பளப் பட்டாளத்தை அனுப்புவதற்குப் பதிலாக, மேய்ச்சல் நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஏற்கெனவே உரசிக்கொண்டிருந்த அரபு நாடோடிகளுக்குத் துப்பாக்கி கொடுத்து அங்கேயுள்ள அரபு அல்லாத ஃபூர், மசாலித், ஸகாவா மக்கள்மேல் ஏவிவிட்டது. அவர்கள்தான் ஜன்ஜாவீத். 3 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்று ஐநா கணக்குச் சொன்னது. 2009ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பஷீருக்குப் பிடியாணை போட்டது. அவரோ 2013ல் அதே ஆட்களுக்குச் சீருடை போட்டு 'அதிவிரைவு ஆதரவுப் படை' என்று பெயர் சூட்டினார், 2017ல் சட்டமும் கொண்டுவந்தார். ஹெமெத்தியின் துணைப்படை இதுதான். தன் ராணுவமே தன்னைக் கவிழ்க்கும் என்ற பயம், அதனால் காவலுக்கு ஒரு தனிப்படை. தங்கச் சுரங்கம், யேமன் போருக்கு ஆள் அனுப்பிய காசு என்று அந்தப் படை கொழுத்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்போமே, 2019ல் பஷீர் விழுந்தபோது அந்தக் கடாவும் விழத்தள்ளியவர்கள் பக்கம்தான் நின்றது.

சரி, பங்காளிகள் ஏன் பிரிந்தார்கள்? துணைப்படையை ராணுவத்தோடு சேர்க்க இரண்டு வருஷம் போதும் என்றது ராணுவம், பத்து வருஷம் வேண்டும் என்றார் ஹெமெத்தி. அடியில் இருந்த கேள்வி, யார் யாருக்குக் கீழே என்பதுதான். 2023 ஏப்ரல் 15, நோன்பு மாதத்தில், தலைநகருக்கு நடுவிலேயே சுட ஆரம்பித்தார்கள். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். இனம் இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேற்கு டார்ஃபூரின் ஜெனீனா நகரத்தில் ஹெமெத்தியின் ஆட்களும் கூட்டாளிகளும் மசாலித் மக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். ஆனால் அந்தப் பகைக்குத் துப்பாக்கியும் சம்பளமும் கொடுத்தது மேலே இருந்தவர்கள். ராணுவமும் யோக்கியமில்லை, சந்தைக் கூட்டத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டிருக்கிறது.

டார்ஃபூரில் உள்ள எல் ஃபாஷர் நகரத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. 500 நாளுக்கு மேல் ஹெமெத்தி படையின் முற்றுகை, ஊரைச் சுற்றி மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள், உள்ளே இருந்தவர்கள் கடலைப் பிண்ணாக்கைத் தின்றார்கள். அங்கே அதற்கு அம்பாஸ் என்று பெயர். நாம் மாட்டுக்கு ஊறவைக்கும் அதே பிண்ணாக்கு. 2025 அக்டோபர் 26 அன்று ஊர் அந்தப் படையிடம் விழுந்தது. ஒரு மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

வெளிநாட்டுக் கைகளும் இருக்கின்றன. எகிப்து நிற்பது சூடான் ராணுவத்தின் பக்கம். ஹெமெத்திக்கு ஆயுதம் தருவதாக அமீரகத்தின்மேல் குற்றச்சாட்டு, அவர்கள் மறுக்கிறார்கள், ஆனால் சூடான் தங்கம் பெருமளவு போய்ச் சேருவது துபாய்க்கு. 1997ல் அமெரிக்கா சூடான்மேல் பொருளாதாரத் தடை போட்டபோது ஒரு பொருளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது, கோந்து. குளிர்பானத்துக்கும் மிட்டாய்க்கும் அது வேண்டும் அல்லவா.

அன்றைக்குத் தெருத்தெருவாகக் குழு சேர்ந்து பஷீரை விரட்டிய பிள்ளைகள் இன்றைக்கு அண்டா வைத்துப் பருப்பும் மொச்சை மாதிரி ஒரு பயறும் வேகவைத்து ஊருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். 'அவசர உதவி அறைகள்' என்று பெயர். இரண்டு தரப்பும் அவர்களைப் பிடித்துப்போய் உதைக்கிறது, எதிரிக்கு உளவு பார்க்கிறாயா என்று. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சமையல்கூடங்கள் மூடின. மிச்சமிருப்பவை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் சூடான்காரர்கள் அனுப்பும் காசில் முடிந்த அன்றைக்கு அடுப்பு மூட்டுகின்றன.