சித்தியின் சீதனக் காணியும் ஒரு கையொப்பமும்

சித்தியின் சீதன உறுதிப் பத்திரத்தை நேற்று நான்தான் வாசித்துக் காட்டினேன். ஐந்து பரப்புக் காணி, அதற்குள் அடங்கிய பனை, வடலி, பங்குக் கிணறு, வழிவாய்க்கால். எல்லாம் சித்தியின் பெயரில் இருக்கின்றன. மகளின் படிப்புக்காக விற்க, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனால், அவர் கேட்ட முதற் கேள்வி: "கணவர் எங்கே ஒப்பம் வைப்பார்?"

கணவர் விட்டுவிட்டுப் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

இதைச் சொன்னால் உறவினர்கள், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைக் காட்டி, "அது மூதாதையர் தந்தது, அதில் கைவைக்கக் கூடாது" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நம் வழக்கங்கள் பழையவைதான். ஆனால் நம் கையில் இருக்கும் எழுத்து, ஒல்லாந்தர் காலத்துத் திசாவை (மாவட்ட நிர்வாகி) கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தது. சரிபார்த்தவர்கள் உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள். ஒரு பெண்ணிடமாவது கேட்டார்களா? மனைவி கணவனின் விருப்பத்துக்கு அடங்கியவள், அவன் சம்மதமின்றி எதையும் கொடுக்கலாகாது என்று அதில் எழுதிவைத்தார்கள். பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலத்திலேயே சீதன வழக்கம் மாறிவிட்டது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. மாறாத வழமை என்று எதைச் சொல்கிறோம்?

ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. கணவன் தனக்குப் பரம்பரையாக வந்த முதுசொத்தை விற்க மனைவியின் ஒப்பம் வேண்டியதில்லை. 1923இல் பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்களுக்கு இந்தத் தளை நீங்கியது. தேசவழமைக்குட்பட்ட எங்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது.

கணவன் கைவிட்டிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி பெறலாம். அந்த வழி உண்டு. ஆனால் தன்னைக் கைவிட்டான் என்பதை ஊர் முன்னே நின்று நிரூபித்த பிறகுதான், தாய் தந்த காணி அவளுக்குச் சொந்தம் போலாகும். இது என்ன நியாயம்?

சீதனம் பெண் வழிச் சொத்து என்று பெருமை பேசும் நாம், முதலில் இந்தச் சம்மத விதியை நீக்கக் கேட்க வேண்டும். தேசவழமை முழுவதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பரம்பரையாக வந்தது முதுசொம், மணவாழ்வில் தேடியது தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கும் நுட்பம் எனக்குப் பிடித்தமானது, அது இருக்கட்டும்.

சித்தியின் மனுவுக்கு மறுபடியும் தவணை போட்டிருக்கிறார்கள். படிப்புக் கட்டணத்துக்காக நேற்று மாலை தன் காப்பை அடைவு வைத்தார். அதற்கு எவருடைய ஒப்பமும் தேவைப்படவில்லை.