கோடு போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்

ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெருநகரமும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் அடுத்த இருபது ஆண்டுகளில் எப்படி வளரவேண்டும் என்று சொல்லும் வரைவுத் திட்டம். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மஞ்சள், ஊதா, பச்சை என்று ஏழெட்டு நிறங்கள். எந்த நிறம் எதற்கு என்று சொல்லும் குறிப்பு, கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கினாலும் படிக்க முடியாத எழுத்தில். ஆளுக்கு மூன்று நிமிடம் மைக். ஒருவர் எழுந்து, புதிய சாலை என் நிலத்தின் குறுக்கே ஏன் போகிறது என்று கேட்டார். அடுத்தவர், அதே சாலை என் நிலத்தை ஒட்டி ஏன் வரவில்லை என்று கேட்டார். இருவருக்கும் ஒரே பதில்தான்: “குறித்துக்கொண்டோம்.”

வெளியே வரும்போது அந்த அதிகாரிகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கையில் என்ன இருந்தது? இந்த மாதிரிக் கூட்டம் கூட்டுகிற கட்டத்துக்கு ஒரு திட்டம் வந்து சேர்வதற்குள், பொதுவாக எல்லாமே முடிந்திருக்கும். போக்குவரத்துக் கணக்கெடுப்பு முடிந்திருக்கும், ஆலோசனை நிறுவனம் அறிக்கை கொடுத்திருக்கும், மேலே இருப்பவர்கள் தலையாட்டியிருப்பார்கள். நகரம் எந்தப் பக்கம் நகரப்போகிறது என்று மோப்பம் பிடித்தவர்கள் அந்தப் பக்கம் இடம் வாங்கிப் போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்டால் மக்கள் ஆமாம் போடலாம், அல்லது முட்டுக்கட்டை போடலாம். மூன்றாவதாகச் செய்ய ஒன்றும் இல்லை. பிறகு, ‘மக்கள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதைக் கண்துடைப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நல்ல எண்ணத்தோடு நடத்தப்படும் கூட்டங்களும் இப்படித்தான் முடிகின்றன. ஏனென்றால் கூட்டம் நடத்தும் நேரம் தப்பு, கேட்கும் கேள்வி தப்பு.

நேரத்தைப் பற்றி ஜெர்மானியர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: பங்கேற்பு முரண். திட்டத்தின் தொடக்கத்தில் மாற்றுவதற்கு நிறைய இடம் இருக்கும், ஆனால் யாருக்கும் அக்கறை இருக்காது. கடைசியில் எல்லோருக்கும் அக்கறை வந்துவிடும், மாற்ற ஒன்றும் மிச்சமிருக்காது. பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஸ்டுட்கார்ட் நகரின் ரயில் நிலையத்தைத் தரைக்கடியில் கொண்டுபோய், மேலே விடுபடும் தண்டவாள நிலத்தில் புதிய குடியிருப்புப் பகுதி கட்டும் திட்டம் 1994இல் அறிவிக்கப்பட்டது. 2007இல் 60,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு வாக்கெடுப்பு கேட்டார்கள். நகர மன்றம் மறுத்தது. 2010இல் வேலை தொடங்கியதும் ஊரே தெருவுக்கு வந்தது. செப்டம்பர் 30 அன்று பூங்காவில் மரம் வெட்ட வந்தபோது கூடியவர்கள்மேல் காவல்துறை தண்ணீர்ப் பீரங்கி பாய்ச்சியது. அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தை, தொலைக்காட்சியில் நேரலை, 2011 நவம்பரில் மாநில அளவில் வாக்கெடுப்பு. முடிவு என்ன தெரியுமா? சுமார் 59 சதவீதம் பேர் திட்டத்தைக் கைவிட வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். நாலு வருஷம் முன்னால் அமைதியாகக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பூங்காவில் ரத்தம் சிந்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் இது எழுதப்படாத விஷயமும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பல 1998இல் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் ஆறாவது பிரிவு, எல்லா வழிகளும் திறந்திருக்கும் தொடக்கக் கட்டத்திலேயே மக்களைப் பங்கேற்கச் செய்யவேண்டும் என்கிறது. ஒரே ஒரு வாக்கியம். மற்ற விதிகளையெல்லாம் எடுத்துவிட்டு இதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

சரி, நேரத்தைச் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கேட்பது? தெருமுனையில் பூங்கா வேண்டுமா என்றால் யாரும் பதில் சொல்வார்கள். ஒரு பெருநகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ‘மண்டல வளர்ச்சி’ என்றால்? மண்டலத்தில் யாரும் குடியிருப்பதில்லை, ஊரில்தான் குடியிருக்கிறார்கள். ஒரு ஊரில் தூங்கி, இன்னொரு ஊரில் வேலை பார்த்து, மூன்றாவது ஊர் ஏரியின் தண்ணீரைக் குடித்து, நாலாவது ஊரில் குப்பையைக் கொட்டுகிறோம். ஓட்டு மட்டும் முதல் ஊரில். நம் குப்பை போய்ச் சேரும் ஊரின் கூட்டத்துக்கு நமக்கு அழைப்பு வராது, வந்தாலும் போகமாட்டோம். மண்டலத் திட்டமிடலின் சங்கடமே இதுதான். எல்லோரையும் பாதிக்கும் விஷயத்துக்குச் சொந்தம் கொண்டாட ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் யூட்டா மாநிலம். ஒரு பக்கம் வாசாட்ச் மலைத்தொடர், மறுபக்கம் பெரிய உப்பு ஏரி. நடுவே ஒடுங்கிய நிலப்பட்டையில் சால்ட் லேக் சிட்டியும் அதையொட்டிய ஊர்களும். சுமார் 16 லட்சம் பேர் இருந்த அந்தப் பகுதியில் 2020க்குள் இன்னும் 10 லட்சம் பேர் சேர்வார்கள் என்று தொண்ணூறுகளில் கணக்கிட்டார்கள். அரசு மேலிருந்து திட்டம் போடுவதைப் பெரும்பாலானவர்கள் சந்தேகத்தோடு பார்க்கும் ஊர் அது. 1997இல் தொடங்கிய ‘என்விஷன் யூட்டா’ என்ற அமைப்பு ஆணையிடும் அதிகாரம் எதுவும் இல்லாத கூட்டு முயற்சி. அவர்கள் மக்களைக் கூப்பிட்டு முடிந்துபோன வரைபடத்தைக் காட்டவில்லை. மேசையில் வெறும் வரைபடத்தை விரித்து, கையில் சில்லுகளைக் கொடுத்தார்கள். வரப்போகும் மக்களுக்குத் தேவைப்படும் இடம்தான் அந்தச் சில்லுகள். எல்லாவற்றையும் எங்கேயாவது வைத்தாகவேண்டும், ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

அப்புறம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்றைய வழக்கப்படி தனித்தனி வீடு, பெரிய மனை என்று பரப்பினால் வயலெல்லாம் சில்லுக்கடியில் மறைந்துபோகிறது. வயலைக் காப்பாற்றவேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள ஊர்களுக்குள் நெருக்கமாக வைக்கவேண்டும். அடுக்குமாடியே வேண்டாம் என்று அடம்பிடிப்பவர், அந்த அடத்துக்கு எந்த வயல் விலை என்று தன் விரலாலேயே காட்டவேண்டியிருக்கிறது. எந்த அதிகாரி எத்தனை மணி நேரம் விளக்கினாலும் மனத்தில் ஏறாத விஷயம் அது.

அந்தப் பட்டறைகளில் கிடைத்ததை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு எதிர்காலங்களை வரைந்தார்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு புதிய நிலம் கட்டடமாகும், எவ்வளவு செலவாகும், எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று பக்கத்தில் எழுதி, செய்தித்தாள் வழியாக வீடுகளுக்கு அனுப்பிக் கேட்டார்கள். அதிகம் பரவி வளரும் ‘ஏ’வுக்கு ஆதரவு சொற்பம். நெருக்கமான, நடந்து போகக்கூடிய ஊர்களைக் கொண்ட ‘சி’ முன்னால் வந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். 1992இல் சால்ட் லேக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வாக்காளர்கள் பொதுப் போக்குவரத்துக்கான வரியைத் தோற்கடித்திருந்தார்கள். 1999 டிசம்பரில் நகருக்குள் ஓடும் சிறிய மின்சார ரயிலான முதல் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. 2000இல் வரி மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஜெயித்தது. ரயிலைக் கண்ணால் பார்த்ததும் ஒரு காரணமாக இருக்கும், எல்லாப் புகழையும் சில்லுகளுக்கே கொடுக்கமாட்டேன். ஆனால் சில்லு வைத்துப் பார்த்தவர்களுக்கு ரயில் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருந்திருக்காது.

அதே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில் இதைவிட முறையான ஏற்பாடு. அங்கே மண்டலத்துக்கென்றே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மன்றம் உண்டு, அமெரிக்காவில் அப்படி வேறெங்கும் இல்லை. 1994இல் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். புதிய வீட்டுமனைகளின் அளவைக் குறைக்கலாமா, கடைகளுக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைக்கலாமா என்று வாழ்க்கையைத் தொடும் கேள்விகள். பதில் வந்தது ஏறக்குறைய 17,000. நூற்றுக்கு மூன்று நாலு வீடு. அந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம். அரங்கத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து திரும்பி வந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாரிஸில் நடந்தது வேறு கதை. தலைநகரைச் சுற்றிப் புதிய மெட்ரோ வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எந்த வழியாக என்பதில் மத்திய அரசுக்கு ஒரு கோடு, மண்டல அரசுக்கு இன்னொரு கோடு. அரசின் கோடு விமான நிலையங்களையும் வணிக மையங்களையும் வேகமாக இணைப்பது. மண்டலத்தின் கோடு நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளைத் தொட்டுச் செல்வது. 2010 செப்டம்பர் முதல் 2011 ஜனவரி வரை இரண்டு கோடுகளையும் ஒரே நேரத்தில் மக்கள் முன் வைத்து விவாதம் நடத்தினார்கள். இரண்டையும் அருகருகே பார்த்தவர்கள் ‘ஏன் இரண்டு?’ என்று கேட்கத்தானே செய்வார்கள். விவாதம் முடிவதற்குள்ளேயே இரு தரப்பும் பேசி ஒரே வலைப்பின்னலுக்கு ஒப்புக்கொண்டன. கூட்டம் நடத்தி ஒரு திட்டம் உண்மையிலேயே மாறியதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இனி, எனக்கே பிடிக்காத பகுதி. கூட்டம் முன்கூட்டியே நடக்கிறது, கேள்வியும் நன்றாக இருக்கிறது. வருவது யார்? பாஸ்டன் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் மூவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நூறை ஒட்டிய எண்ணிக்கையில் ஊர்களின் கூட்டக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள். புதிய வீடுகள் கட்டுவது பற்றிய கூட்டங்களில் எழுந்து பேசியவர்கள், மற்ற வாக்காளர்களைவிட வயதில் மூத்தவர்கள், பெரும்பாலும் ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள், அந்த ஊரில் வெகுநாளாக இருப்பவர்கள். அவர்களில் புதிய வீடுகளை ஆதரித்தவர்கள் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

நான் போன கூட்டத்தையே திரும்ப நினைத்துப் பார்த்தேன். வாடகைக்கு இருப்பவர் யாராவது பேசினாரா? இரவு வேலைக்குப் போகிறவர்? கைக்குழந்தையோடு இருக்கும் பெண்? எல்லாவற்றையும்விட, அந்தத் திட்டமே யாருக்காகப் போடப்படுகிறதோ, இன்னும் பத்து வருஷத்தில் குடிவரப்போகிற அந்த ஆள் அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. ஆக, ‘மக்களைக் கேளுங்கள்’ என்று கொடி பிடிக்கிற நாம், வந்தவர்களையே மொத்த மக்கள் என்று எண்ணிவிடுகிறோம். அந்தக் கூட்டத்தில் நானும் சொந்த வீட்டுக்காரன்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மருந்தும் ஜெர்மனியில்தான் கிடைத்தது. எழுபதுகளில் பேட்டர் டீனல் என்ற சமூகவியலாளர் ‘திட்டமிடல் குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார். குலுக்கல் முறையில் சுமார் 25 பேர். அவர்கள் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அந்த நாள்களுக்கு ஊதியமும் பெற்று, சில நாள்கள் உட்கார்ந்து, நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்து, பரிந்துரை எழுதிக் கொடுப்பார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு அந்தச் சாலை எந்தப் பக்கம் போனாலும் லாபமில்லை, நட்டமில்லை. அதனால்தான் பொறுமையாகக் கேட்கிறார். பொதுக் கூட்டத்தை ஒழித்துவிட்டு இதை வைக்கச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும். நிலம் போகிறவருக்கு மைக் கொடுக்காமல் குலுக்கலில் வந்தவரை மட்டும் கேட்பது இன்னொரு அநியாயம்.

செலவாகும், காலதாமதமாகும் என்பார்கள். ஆகும். ஸ்டுட்கார்ட்டில் எவ்வளவு ஆனது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து ஒரு கட்டுரை எழுதினார். அடிப்படியில் ஏமாற்று, உச்சியில் மக்களே முடிவெடுப்பது. அதில் அவர் பிரெஞ்சு மாணவர்களின் சுவரொட்டி ஒன்றைக் காட்டுகிறார். பள்ளிக்கூடத்து வினைமுற்றுப் பயிற்சி போல இருக்கும்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள். ஏணியின் உச்சிப்படி மண்டலத் திட்டத்துக்குப் பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாற்பது ஊர் சேர்ந்த இடத்தில் ஒவ்வொரு ஊரும் ‘எங்கள் ஊரில் மட்டும் வேண்டாம்’ என்றால் குப்பைக் கிடங்கை வானத்திலா வைப்பது? யாராவது முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் முடிவெடுத்தவர் பதில் சொல்லவேண்டும். பிரான்ஸில் பெரிய திட்டங்களுக்குப் பொது விவாதம் நடத்துவதற்கென்றே 1995 முதல் ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது. திட்டம் நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை, யார் யார் என்ன சொன்னார்கள் என்று தொகுத்து வெளியிடும். அது வெளியான மூன்று மாதத்துக்குள், திட்டத்தைக் கொண்டுவந்தவர் அதைத் தொடரப்போகிறாரா, எதை மாற்றப்போகிறார் என்று பகிரங்கமாகச் சொல்லியாகவேண்டும். ‘உங்கள் யோசனையை ஏற்கவில்லை, காரணம் இது’ என்று ஒரு வரி எழுதி வந்தால் நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்வேன். என் மூன்று நிமிடத்தை யாரோ காதில் வாங்கினார்கள் என்றாவது தெரியும்.

அன்றைக்கு வாசலில் வைத்திருந்த வருகைப் பதிவேட்டில் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். இதுவரை ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.