ஜப்பானோட ஒன்பதாவது பிரிவு: மாத்தணும்னா மக்கள்கிட்ட கேட்டு மாத்துங்க

ஜப்பானுக்கு ராணுவமே கிடையாதுன்னு இன்னமும் நிறைய பேர் எழுதிட்டு இருக்காங்க. இருக்குங்க. நல்லாவே இருக்கு. எஃப்-35 விமானம், நீர்மூழ்கிக் கப்பல், ஏவுகணை எல்லாம் வச்சிருக்காங்க, பேர் மட்டும்தான் தற்காப்புப் படை. ஏன்னா 1947 மே 3 அன்னைக்கு அமலுக்கு வந்த அவங்க அரசியல் சட்டத்தோட ஒன்பதாவது பிரிவு, போர் செய்ற உரிமையையே நிரந்தரமா கைவிடுறோம், தரைப்படை கடற்படை விமானப்படைன்னு எதையும் வச்சிக்க மாட்டோம்னு சொல்லுது.

இதைப் பேசினாலே "அது அமெரிக்காக்காரன் திணிச்சதுதானே"ன்னு ஒரு வாதம் வரும். 1946 பிப்ரவரியில, போர்ல தோத்த ஜப்பானை ஆக்கிரமிச்சிருந்த படைகளோட அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரோட ஆளுங்க ஒரு வாரத்துல வரைவு எழுதினாங்க, அது உண்மைதான். ஆனா அதே மெக்ஆர்தர்தான் 1950ல கொரியப் போர் வெடிச்சதும் 75,000 பேர் கொண்ட போலீஸ் ரிசர்வ் ஒண்ணு அமைக்கச் சொன்னார், அதுதான் வளர்ந்து 1954ல தற்காப்புப் படை ஆச்சு. அமெரிக்காவுக்கு அந்தப் பிரிவு இடைஞ்சலா மாற மூணு வருஷம்தான் ஆச்சு, அதுக்கப்புறம் அதை விடாம பிடிச்சிட்டு நின்னது ஜப்பான் ஜனங்கதான். யார் எழுதினாங்கங்கிறதை விட இத்தனை வருஷமா யார் காப்பாத்தினாங்கங்கிறதுதான் எனக்கு முக்கியமா படுது. இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு எழுத்து கூட மாறல.

சரி, படை வச்சிக்கிட்டாங்களே, அப்புறம் அந்தப் பிரிவுக்கு என்ன மதிப்புன்னு கேட்கலாம். மதிப்பு இருந்துச்சு. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அரசாங்கம் பார்லிமென்ட்ல நின்னு, இது தற்காப்புக்குத் தேவையான குறைஞ்சபட்ச அளவுதான்னு பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. 1967ல அணு ஆயுதம் தயாரிக்க மாட்டோம், வச்சிக்க மாட்டோம், உள்ள விடமாட்டோம்னு பிரதமர் சாடோ சொன்னது, 1976ல பாதுகாப்புச் செலவு நாட்டோட மொத்த தேசிய உற்பத்தியில (ஜிஎன்பி) 1 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு மிக்கி அரசு முடிவெடுத்தது, ஆயுத ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு, எல்லாமே இந்த மனநிலையில இருந்து வந்ததுதான். 1973ல சப்போரோ கோர்ட் ஒண்ணு தற்காப்புப் படையே சட்டவிரோதம்னு தீர்ப்பு கொடுத்துச்சு, மேல்கோர்ட்ல அது நிக்கல, ஆனாலும் ஒரு நாட்டோட நீதிபதி தன் நாட்டுப் படையைப் பார்த்து அப்படி சொல்ல முடிஞ்சதே பெரிய விஷயம்.

குவைத்தை ஈராக்கிட்ட இருந்து மீட்ட 1991 வளைகுடாப் போர்தான் அவங்களை ரொம்ப உலுக்கிடுச்சு. 1,300 கோடி டாலர் கொடுத்தாங்க, ஆள் அனுப்பல. போர் முடிஞ்சதும் குவைத் அமெரிக்கப் பேப்பர்கள்ல நன்றி விளம்பரம் போட்டுச்சு, அதுல ஜப்பான் பேரே இல்ல. அந்த அவமானத்தை டோக்கியோ அரசியல்வாதிங்க மறக்கவே இல்ல, 1992ல ஐ.நா. அமைதிப்படை வேலைக்கான சட்டம் போட்டு கம்போடியாவுக்கும், அப்புறம் தனிச் சட்டம் போட்டு 2004ல ஈராக்குக்கும் ஆள் அனுப்பினாங்க.

எனக்கு உண்மையா கோவம் வர்ற இடம் 2014. மத்த நாட்டுக்காக சண்டை போடுற கூட்டுத் தற்காப்பு நம்ம சட்டப்படி முடியாதுன்னு பல வருஷமா அரசாங்கத்தோட சட்ட ஆலோசனை அலுவலகமே சொல்லிட்டு இருந்துச்சு. அப்போ பிரதமரா இருந்த அபே என்ன செஞ்சார்னா, 2013ல அந்த அலுவலகத்துக்கு வழக்கத்தை மீறி வெளியுறவுத் துறையில இருந்து ஒருத்தரை தலைவரா கொண்டு வந்தார், 2014 ஜூலை 1 அன்னைக்கு கேபினட் முடிவா அந்த விளக்கத்தையே மாத்திட்டார். அடுத்த வருஷம் அதுக்கான மசோதா வந்தப்போ ஆளுங்கட்சி கூப்பிட்ட சட்ட அறிஞர் ஹசெபே யாசுவோவே பார்லிமென்ட் குழு முன்னாடி இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொன்னார். ஆனாலும் நிறைவேத்திட்டாங்க.

மாத்த வழியே இல்லையா? இருக்கு. ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு, அப்புறம் பொதுவாக்கெடுப்பு. 2016 தேர்தலுக்கு அப்புறம் திருத்தத்தை ஆதரிக்கிற கட்சிகளுக்கு அந்த மூணுல ரெண்டு பங்கும் இருந்துச்சு. ஆனா மக்கள்கிட்ட போகல. தோத்துடுவோம்னு பயம்தான்னு நான் நினைக்கிறேன்.

சீனா, வடகொரியா மிரட்டல் பொய்னு நான் சொல்லல. தலைக்கு மேல ஏவுகணை பறக்குற நாட்டுக்காரங்ககிட்ட சும்மா இருங்கன்னு இங்க உக்காந்துட்டு சொல்ல எனக்கு உரிமை இல்ல. 2022 டிசம்பர்ல எதிரி நாட்டு ஏவுதளத்தையே அடிக்கிற திறன் வேணும், பாதுகாப்புச் செலவு ஜிடிபில 2 சதவீதம் ஆகணும், அஞ்சு வருஷத்துக்கு 43 லட்சம் கோடி யென்னு முடிவெடுத்தாங்க. அதுக்கு நியாயமும் இருக்கலாம். அப்போ அந்த நியாயத்தை வாக்குச்சீட்டுல வச்சு கேளுங்க. சட்டத்துல ஒண்ணு எழுதியிருக்க, கேபினட் ரூம்ல வேற ஒண்ணா படிக்கிறது ஆபத்து. இன்னைக்கு ஒன்பதாவது பிரிவை அப்படி படிச்சவன் நாளைக்கு பேச்சுரிமையையும் அப்படி படிப்பான்.

சமாதானப் பிரிவை புகழ்றவங்களும் ஒண்ணை பேசணும். ஜப்பானுக்கு அமெரிக்கா கொடுக்கிற ராணுவப் பாதுகாப்புக் குடையோட பாரம் ஓகினாவா தலையிலதான் விழுந்துச்சு, நாட்டோட நிலத்துல 0.6 சதவீதம் இருக்கிற அந்த மாகாணத்துலதான் அமெரிக்கப் படைகளோட தனிப் பயன்பாட்டு இடங்கள்ல 70 சதவீதம் இருக்கு. இப்போ தைவானுக்கு பக்கத்துல இருக்கிற சின்ன தீவுகள்லயும் ஜப்பானே முகாம் போடுது. இஷிகாகி தீவுல, முகாம் வேணுமா வேண்டாமான்னு எங்ககிட்ட வாக்கெடுப்பு நடத்துங்கன்னு வாக்காளர்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல கையெழுத்து போட்டு கொடுத்தாங்க. 2019ல நகரசபை அதை நிராகரிச்சது. 2023 மார்ச்ல முகாம் திறந்தாச்சு.