அரக்கு இருக்கிறது, கரைக்க ஸ்பிரிட் இல்லை

பழைய தேக்கு நாற்காலிக்கு அரக்குப் பாலிஷ் போடத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அரக்கும் ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. சில்லறையில் வாங்க முடியாமல் போனது அதைக் கரைக்கிற ஸ்பிரிட். அரக்கு தண்ணீரிலும் கரையாது, டர்பன்டைனிலும் கரையாது, ஆல்கஹால்தான் வேண்டும். ஆல்கஹால் என்றதும் நம் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். 1959ஆம் வருஷத்து விதிகளின் பெயரிலேயே பிரெஞ்சு பாலிஷ், அதாவது இந்த அரக்குப் பாலிஷ், இருக்கிறது.

சும்மா ஒன்றும் போடவில்லை அந்த விதிகளை. வார்னிஷைக் குடித்தே செத்தவர்கள் உண்டு. 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த சாராயம், கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் பார்வையைப் பறித்துவிடும். கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த மெத்தனால் ஆலைகளுக்கென்று மொத்தமாக வாங்கியதில் கைமாறிப் போனது, பாலிஷ்காரர் வாங்கும் அரை லிட்டரிலிருந்து போனதில்லை. பிடி இறுக வேண்டியது அந்த டேங்கரிலும் குடோனிலும். நடப்பது என்ன? ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஹார்டுவேர் கடைக்காரர் 'எதுக்குங்க வம்பு' என்று பெயிண்டுக்குக் கலக்கும் தின்னரை எடுத்து நீட்டுகிறார். தின்னரில் அரக்கு ஒழுங்காகக் கரையாது, கட்டி கட்டியாக அடியில் நிற்கும். சரி என்று மெலமைன் பாலிஷுக்குப் போனால் ஃபார்மால்டிஹைடு நெடி, ஜன்னல் மூடிய அறையில் அடித்தால் கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டும்.

இதைவிடப் பயம் இன்னொன்று. முறையாகக் கிடைக்காதபோது லேபிள் ஒட்டாத பாட்டிலில் 'ஸ்பிரிட்' என்று ஏதோ ஒன்று கைக்கு வருகிறது. அது மெத்தனாலாக இருந்தால்? பாலிஷ்காரர் பஞ்சைத் துணியில் சுற்றி, அதை நனைத்து, வெறுங்கையால் மணிக்கணக்கில் தேய்க்கிறவர். மெத்தனால் தோல் வழியாகவும் இறங்கும், மூச்சிலும் போகும். குடிக்கிறவரைக் காப்பாற்றப் போட்ட விதி, குடிக்காத தொழிலாளியின் கையில் விஷத்தைக் கொடுக்கலாமா?

இங்கிலாந்தில் ஊதா நிறமும் கசப்பும் சேர்த்த ஸ்பிரிட்டைச் சாதாரணக் கடையில் வாங்கலாம். நமக்கு மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் ஸ்பிரிட், மெத்தனால் துளியும் சேர்க்காமல், வாயில் வைக்க முடியாத அளவு கசப்பு கலந்து, சின்னச் சின்ன சீல் பாட்டிலில் வந்தால் போதும். வாங்குகிறவர் பெயர், அடையாள அட்டை, எதற்கு என்று கடையில் ஒரு நோட்டில் எழுதட்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்கு இதைத்தானே சொன்னது? ஆசிட்டுக்கு முடிகிற ஏற்பாடு பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு மட்டும் ஏன் முடியாது என்று மதுவிலக்குத் துறையில் யாராவது சொல்லுங்கள்.