பிரேக் பேடை மாற்றுவதற்கு முன்னால் பெடலை மிதித்துப் பாருங்கள்

"பிரேக் பிடிக்கவில்லையா, பேடை மாற்றுங்கள்" என்று கார் பிரேக் பழுது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வேலை பழகும் பையன்கள் இதைப் படித்தால் நேராக வீலைத்தான் கழற்றுவார்கள். முதலில் பெடலை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள் சார். பஞ்சு போல அமுங்கினால் பெரும்பாலும் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கி, வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படணும். இறுகி நின்றால், மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரைச் சோதிக்கணும்: இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் உள்ளே போகணும்.

ஒரு வீல் மட்டும் சூடாகிச் சுற்ற மறுத்தால் உடனே காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) வாங்க ஓடாதீர்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி வீல் விடுபட்டால், அழுத்தம் திரும்பாமல் மேலே எங்கோ அடைத்திருக்கிறது. பழைய ஹோஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) உள்ளே ஊதிப்போய் இப்படிச் செய்யும். அப்படியும் விடவில்லையா, காலிப்பரின் பிஸ்டனோ, அது நகர உதவும் ஸ்லைடு பின்னோ துருப்பிடித்திருக்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தர வகை ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் தர விதி கேட்பதே குறைந்தது 140 டிகிரிதான். பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்குகிறவருக்கு இது விளையாட்டில்லை.

டிரம் தூசியை ஏர் அடித்து ஊதச் சொன்னதும் தப்பு. பழைய லைனிங்கில் (டிரம்முக்குள் உராயும் பட்டை) மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைக்கட்டும்.